எதில் எத்தனை? கணக்கு டீச்சர் பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், ‘பள்ளிக்கூடத்தில் படித்ததில் வாழ்க்கைக்கு உதவாத கணக்கு எது?’ என்று கேட்டிருந்தார். ‘எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், கலவைக் கணக்கை மட்டும் சொல்லாதீர்கள்’ என்று பதில் எழுதியிருந்தேன். அவ்வளவுதான். இந்த முறை வந்த கடிதங்கள் முழுக்கப் பாலும் தங்கமும் நெல்லும்தான். எந்த மளிகைக்கடையில் மிளகாய்த்தூள் நல்லது என்று கேட்ட மூன்று பேர் மன்னிக்கவும், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மற்றவர்களுக்கு இதோ.

ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தாய், கோபிசெட்டிபாளையம்: ‘20 சதவீத அமிலக் கரைசலையும் 50 சதவீத அமிலக் கரைசலையும் கலந்து, 30 சதவீதக் கரைசல் 60 லிட்டர் தயாரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு தேவை?’ இது வீட்டுப்பாடம். எக்ஸ் + ஒய் = 60 என்று மகன் டக்கென்று எழுதிவிட்டான். அடுத்து 20எக்ஸ் + 50ஒய் = 30 என்று எழுதினான். விடை மைனஸில் வருகிறது. இரண்டு நாளாக நோட்டைத் தொட மாட்டேன் என்கிறான். எனக்கும் சொல்லித்தரத் தெரியவில்லை டீச்சர்.

மைனஸ் 39 லிட்டர் என்று வந்திருக்கும், இல்லையா? மைனஸைப் பார்த்ததும் எங்கேயோ தப்பு என்று பேனாவைக் கீழே வைத்தானே, அதற்கே நான் ஒரு மார்க் போடுவேன். என்னிடம் படித்த பிள்ளைகள் ‘விடை: –39 லிட்டர்’ என்று எழுதி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டிருக்கிறார்கள்.

அவன் எழுதிய முதல் வரி சரி. அது மொத்தத் திரவத்தின் கணக்கு. இரண்டாவது வரி அமிலத்தின் கணக்கு. அதில் இடப்பக்கம் அமிலத்தை எண்ணுகிறது, வலப்பக்கத்தில் இருக்கும் 30 எதையுமே எண்ணவில்லை. சதவீதம் என்பது பொருள் அல்ல, அதைக் கேனில் ஊற்ற முடியாது. ‘எதில்?’ என்று கேட்ட பிறகுதான் அது பொருளாகும். தமிழில் இந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்கக்கூடத் தேவையில்லை. ‘அறுபதில் முப்பது சதவீதம்’ என்கிறோம். அறுபது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது, முப்பது பின்னால் வருகிறது. வாயால் சரியாகச் சொல்கிற பிள்ளை எழுதும்போது அறுபதை விட்டுவிடுகிறான்.

அவனிடம் மூன்று டிரம் படம் போடச் சொல்லுங்கள். கலக்கப் போவது இரண்டு, கலந்த பிறகு வருவது ஒன்று. தெரியாத எண்ணுக்கு நான் எப்போதும் ‘அ’ என்றுதான் போடுவேன், இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் ஒருமுறை முறைத்தார், பிறகு பழகிக்கொண்டார். முதல் டிரம்மில் அ லிட்டர். இரண்டாவதில் 60 – அ. மூன்றாவதில் 60.

இப்போது ஒவ்வொரு டிரம்முக்கும் அடியில், உள்ளே இருக்கும் அமிலம் மட்டும் எவ்வளவு என்று எழுத வேண்டும். எல்லாரும் முதல் டிரம்மிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அங்கேதான் தெரியாதது எதுவும் இல்லை. அறுபதில் முப்பது சதவீதம், 18 லிட்டர். இந்தப் பதினெட்டு கைக்கு வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அந்தப் பதினெட்டு வானத்திலிருந்து குதிக்காது, முதல் இரண்டு டிரம்மிலிருந்துதான் வந்தாக வேண்டும். முதலாவதில் 0.2அ, இரண்டாவதில் 0.5(60 – அ).

0.2அ + 0.5(60 – அ) = 18
0.2அ + 30 – 0.5அ = 18
0.3அ = 12
அ = 40

ஆக 20 சதவீதக் கரைசல் 40 லிட்டர், 50 சதவீதக் கரைசல் 20 லிட்டர். நாற்பதில் அமிலம் 8, இருபதில் அமிலம் 10, கூட்டினால் 18.

இன்னொன்றும் பழக்குங்கள். சமன்பாடு எழுதும் முன்பே ஒரு ஊகம் சொல்ல வேண்டும். நமக்கு வேண்டிய 30, இருபதுக்குப் பக்கமா, ஐம்பதுக்குப் பக்கமா? இருபதுக்கு. அப்படியானால் இருபது சதவீதக் கரைசல்தான் அதிகம் தேவைப்படும். விடை அதற்கு மாறாக வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். பரீட்சை ஹாலில் இதற்கு ஐந்து விநாடி ஆகும். சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பத்தில் எட்டுப் பிள்ளைகள் செய்வதில்லை.

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர், திண்டுக்கல்: பயிற்சி வகுப்பில் குறுக்காகக் கழிக்கும் முறை சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு சதவீதத்தையும் மேலே எழுதி, வேண்டியதை நடுவில் எழுதி, மூலைவிட்டமாகக் கழித்தால் விகிதம் வந்துவிடுகிறது. வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி நேரம் விகிதத்தைத் தலைகீழாக எழுதிவிடுகிறேன். ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால், ‘வருது, எழுது’ என்கிறார்கள்.

‘வருது, எழுது’ என்று சொல்லித்தந்தால் தலைகீழாகத்தான் வரும் தம்பி. உங்கள் மேல் தப்பில்லை.

என் அப்பா ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் டெஸ்டர். நீங்கள் சொல்லும் அதே சதுரத்தை அவர் மேஜை மேல் சாக்பீஸால் போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பால்வளப் படிப்பில் அதற்குப் பியர்சன் சதுரம் என்று பெயர். அப்பா எட்டாவது வரைதான் படித்தவர், அவருக்குப் பியர்சனைத் தெரியாது. ஆனால் ஏன் குறுக்கே கழிக்கிறோம் என்பது தெரியும்.

ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம், நீலப் பாக்கெட்டில் 3. உங்களுக்கு 4 சதவீதம் வேண்டும். ஆரஞ்சுப் பால் ஒரு கிலோ எடுத்தால் அதில் 60 கிராம் கொழுப்பு. தேவை 40 தான். 20 கிராம் மிச்சம். நீலம் ஒரு கிலோவில் 30 கிராம். தேவை 40. 10 கிராம் பற்றாக்குறை. ஒரு ஆரஞ்சின் மிச்சத்தை வைத்து எத்தனை நீலத்தின் பற்றாக்குறையை நிரப்பலாம்? இரண்டு. எனவே ஆரஞ்சு 1, நீலம் 2. அவ்வளவுதான் சூட்சுமம்.

குறுக்கே போவது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆரஞ்சின் மிச்சம், நீலம் எத்தனை என்பதைச் சொல்கிறது. நீலத்தின் குறை, ஆரஞ்சு எத்தனை என்பதைச் சொல்கிறது. அப்பா பாஷையில், ‘இருக்கறவன் கடன் குடுக்கறான், இல்லாதவன் வாங்கறான், கடைசீல பேரேடு நேராகணும்.’ இதை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் தலைகீழாக எழுத முடியாது.

ஒரு எச்சரிக்கை. சதுரம் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்கும். ஆரஞ்சையும் நீலத்தையும் சரிபாதி கலந்தால் கொழுப்பு 4.5 சதவீதம் வரும், நிலைப்படுத்திய (ஸ்டாண்டர்டைஸ்டு) பாலுக்குச் சொல்லும் அதே அளவு. ஆனால் கொழுப்பில்லாத மற்ற திடப்பொருள், எஸ்.என்.எஃப். என்பார்களே, அது ஆரஞ்சில் 9, நீலத்தில் 8.5. கலவையில் 8.75. நிலைப்படுத்திய பாலுக்கு 8.5 போதும். ஆக நீங்கள் வீட்டில் செய்தது கொஞ்சம் உசத்திப் பால். தேர்வில் இது வராது, சும்மா தெரிந்துகொள்ளுங்கள்.

இல்லத்தரசி, கோவை: அம்மாவின் பழைய வளையல் இரண்டரைப் பவுன், 22 காரட். அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சங்கிலி ஒன்றரைப் பவுன், 18 காரட். இரண்டையும் உருக்கி 22 காரட்டில் ஒரே நகையாகச் செய்ய நினைத்தேன். அதற்கு மூன்று பவுன் சொக்கத் தங்கம் சேர்க்க வேண்டும் என்கிறார் ஆசாரி. ஒன்றரைப் பவுன் சங்கிலியைச் சரிசெய்ய மூன்று பவுனா? ஏமாற்றுகிறாரா?

இல்லைங்க. ஆசாரி சொன்னது துல்லியமாகச் சரி.

காரட் என்பதும் சதவீதம் மாதிரிதான், நூற்றுக்குப் பதில் இருபத்து நாலில் எத்தனை என்று சொல்கிறது. 22 காரட் என்றால் இருபத்து நாலில் இருபத்திரண்டு பங்கு தங்கம். அதை நூற்றுக்கு மாற்றினால் 91.6 சொச்சம், நகையில் 916 என்று குத்துவது அதைத்தான். 18 காரட் என்றால் நூற்றுக்கு 75.

திண்டுக்கல் தம்பிக்குச் சொன்ன மிச்சமும் குறையுமாகவே பாருங்கள். வளையல் ஏற்கெனவே 22 காரட். அதில் மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. சங்கிலியில் பவுனுக்கு 4 குறை, ஒன்றரைப் பவுனுக்கு 6. சொக்கத் தங்கம் 24 காரட். அதில் பவுனுக்கு 2 தான் மிச்சம். ஆறு குறையை நிரப்ப மூன்று பவுன். சமன்பாடாக வேண்டுமென்றால், சேர்க்கும் பவுன் அ:

1.5 × 18 + 2.5 × 22 + 24அ = 22(4 + அ)
82 + 24அ = 88 + 22அ
அ = 3

எனக்கு ஆசாரி மேல் சந்தேகம் இல்லை, உங்கள் திட்டத்தின் மேல்தான். வளையலை எதற்கு உருக்குகிறீர்கள்? அது இந்தக் கணக்கில் ஒரு வேலையும் செய்யவில்லை. எடுத்து வைத்தாலும் அதே மூன்று பவுன்தான் வேண்டும். அம்மாவின் வளையல் அம்மாவின் வளையலாகவே இருக்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. தங்கத்தைச் சேர்ப்பதற்குப் பதில் செம்பை வெளியேற்றலாம். உங்களிடம் இருப்பது நாலு பவுன், அதாவது 32 கிராம், உருக்கினால் 20.5 காரட். புடம் போட்டு, தங்கம் குறையாமல் மற்றதை மட்டும் நீக்கினால், 32 கிராம் 29.8 கிராமாகும்போது அது 22 காரட் ஆகிவிடும். இரண்டே கால் கிராமுக்கும் குறைவான செம்பு, வெள்ளி போனால் போதும், மூன்று பவுன் வாங்க வேண்டியதில்லை. அதற்கு என்ன கூலி, எவ்வளவு சேதாரம் என்று ஆசாரியிடமே கேளுங்கள், அது என் பாடம் இல்லை.

1150-ஐ ஒட்டி எழுதப்பட்ட லீலாவதி என்ற கணக்கு நூலில் பாஸ்கரர் இதே இரண்டு வழியையும் கேட்கிறார். வர்ணம் என்பது காரட் மாதிரி சுத்தத்தின் அளவு, மாஷம் என்பது எடை அளவு. 13, 12, 11, 10 வர்ணத் தங்கங்கள், முறையே 10, 4, 2, 4 மாஷ எடை. உருக்கினால் என்ன வர்ணம்? பெருக்கிக் கூட்டினால் 240, மொத்த எடை 20, விடை 12. அந்த இருபது மாஷத்தைப் புடம் போட்டுப் பதினாறாக்கினால்? அதே 240-ஐப் பதினாறால் வகுக்க வேண்டும், 15. தங்கம் போகவில்லை என்பதால் 240 அப்படியே இருக்கிறது. அவர்கள் பதினாறை முழுச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் பத்தரை மாற்று. அந்தக் கணக்கில் உங்கள் 22 காரட் ஒன்பதரை மாற்றுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று மாப்பிள்ளையைப் புகழ்கிறவர்கள் 24 காரட் என்றுதான் சொல்கிறார்கள். நகை செய்ய அது தோதுப்படாது, வளைந்துவிடும்.

பத்தாம் வகுப்பு மாணவி, தாராபுரம்: எங்கள் அப்பாரு பால்காரர். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பால் ஊற்றப் போவார். கணக்குப் புத்தகம், கைடு, மாதிரி வினாத்தாள் எதைத் திறந்தாலும் ‘ஒரு பால்காரர் பாலில் தண்ணீர் கலக்கிறார்’ என்றே இருக்கிறது. வகுப்பில் அந்தக் கணக்கு வரும்போதெல்லாம் பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கணக்குப் பிடிக்கும் டீச்சர், இந்தக் கணக்கு மட்டும் பிடிக்கவில்லை.

கண்ணு, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் அந்தக் கணக்கை எழுதியவள் நான். பால் சொசைட்டி டெஸ்டரின் மகள். அந்த முப்பத்து மூன்று வருஷத்தில் முன் பெஞ்சில் எத்தனை பால்காரர் வீட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

உன் வகுப்புப் பையன்களுக்கு வேறொரு கணக்கு தருகிறேன். இதில் பால்காரர் தப்பிக்கிறார்.

அப்பா வேலை பார்த்த சொசைட்டிக்கு ஒருவர் தினமும் 40 கிலோ பால் ஊற்றுவார், பசும்பால், கொழுப்பு எப்போதும் 4.0 காட்டும். ஒரு நாள் காலை 3.6. கொழுப்பு பார்ப்பது அப்போதெல்லாம் கண்ணாடிக் குழாயில், 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றி, மெஷினில் வைத்துச் சுற்ற வேண்டும். கொழுப்பு பிரிந்து குழாயின் கழுத்தில் நிற்கும், அதைப் படிக்க வேண்டும். அப்பாவின் சட்டைக் கையெல்லாம் அமிலம் பட்ட ஓட்டை. அன்றைக்கு 3.6 என்றதும் பக்கத்தில் இருந்தவர்கள், ‘தண்ணி ஊத்திட்டான், பத்து பர்சென்ட்’ என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர்கள் கணக்கும் தப்பில்லை. நாலு 3.6 ஆனால் பால் பத்தில் ஒன்பது பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. 40 கிலோவில் 36 கிலோ பால், 4 கிலோ தண்ணீர். (இங்கேயும் ‘எதில்?’ என்று கேள். கேனில் இருக்கும் நாற்பதில் பார்த்தால் 10 சதவீதம். கறந்த முப்பத்தாறில் பார்த்தால் 11.1 சதவீதம். கேள்வித்தாளில் இந்த இடத்தில்தான் கண்ணி வைப்பார்கள்.)

அப்பா பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரையும் போட்டுப் பார்த்து, எஸ்.என்.எஃப். கணக்குப் போட்டார். தண்ணீருக்குக் கொழுப்பு என்றும் எஸ்.என்.எஃப். என்றும் வேற்றுமை பார்க்கத் தெரியாது. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்திருந்தால் இரண்டும் பத்தில் ஒரு பங்கு இறங்கியிருக்க வேண்டும். எஸ்.என்.எஃப். 8.5 என்பது 7.65 ஆகியிருக்க வேண்டும். ஆனால் அது 8.5 ஆகவே இருந்தது. கொழுப்பு மட்டும் குறைந்திருக்கிறது, எனவே தண்ணீர் இல்லை.

பிறகு என்ன? கறக்கும்போது முதலில் வரும் பாலில் கொழுப்பு கம்மி, மடி வற்றும்போது வரும் கடைசிப் பாலில்தான் அதிகம். கட்டிப்போட மறந்த கன்றுகள் அன்றைக்கு முந்திக்கொண்டு அந்தக் கடைசிப் பாலைக் குடித்துவிட்டிருந்தன. அந்த வீட்டு அம்மாவே வந்து சொன்னார். கொழுப்பு குறைந்ததற்கு உண்டான விலைதான் அன்றைக்குக் கிடைத்தது, ஆனால் தண்ணீர் ஊற்றியவர் என்ற பெயர் வரவில்லை.

அடுத்த முறை பையன்கள் திரும்பிப் பார்த்தால், 4.0, 3.6, 8.5 மூன்றையும் பலகையில் எழுதி, ‘இவர் தண்ணீர் கலந்தாரா, இல்லையா?’ என்று கேள். அப்பாருவிடமும் கேள். அவர் பேனா எடுக்காமல் சொல்லிவிடுவார்.

நெல் விவசாயி, மன்னார்குடி: 25 சிப்பம், சிப்பத்துக்கு 40 கிலோ, ஆயிரம் கிலோ நெல். ஈரப்பதம் 22 சதவீதம் இருந்ததால் கொள்முதல் நிலையத்தில் 17-க்குக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். 22-லிருந்து 17-க்கு 5 சதவீதம் குறைகிறது, ஆயிரத்தில் 50 கிலோ போகும் என்று கணக்கு வைத்திருந்தேன். எடை போட்டால் 60 கிலோ போயிருக்கிறது. தராசு தப்பா, களத்தில் கோழி தின்றதா?

கோழியை விட்டுவிடுங்கள் ஐயா, தராசையும் விட்டுவிடுங்கள்.

22-லிருந்து 17-ஐக் கழித்தீர்கள், அங்கேதான் சறுக்கல். 22 என்பது ஆயிரம் கிலோவில். 17 என்பது காய்ந்த பிறகு இருக்கும் எடையில். இரண்டுக்கும் அடிப்படை வேறு, கழிக்கக்கூடாது. வெயிலில் காயும்போது மாறாதது எது? நெல்லின் உலர்ந்த பகுதி. ஆயிரத்தில் 220 தண்ணீர் போக 780 கிலோ. காய்ந்த பிறகும் அதே 780 தான், ஆனால் இப்போது அது மொத்தத்தில் 83 சதவீதம். அப்படியானால் மொத்தம் 780 ÷ 0.83, ஏறக்குறைய 939.8 கிலோ. போனது 60.2 கிலோ. உங்கள் தராசு ரொம்ப நல்ல தராசு.

ஈரம் அதிகமாக இருக்கும்போது இந்த வித்தியாசம் பயமுறுத்தும். நூறு கிலோ பொருளில் 99 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்து 98 சதவீதம் ஆகிறது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். உலர்ந்த பகுதி ஒரு கிலோ, அது இப்போது நூற்றுக்கு 2. மொத்த எடை 50 கிலோ! பாதி போய்விட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் சத்தம் அடங்கப் பத்து நிமிஷம் ஆகும்.

இயற்கை விவசாயி, சென்னிமலை: பஞ்சகவ்யம் 3 சதவீதம் தெளிக்க 10 லிட்டர் டேங்கில் 300 மில்லி என்கிறார்கள். 10 லிட்டர் தண்ணீரோடு 300 மில்லியா, 300 மில்லி ஊற்றிவிட்டுப் பத்து லிட்டர் கோடு வரை தண்ணீரா?

கணக்குப்படி இரண்டாவது. 9.7 லிட்டர் தண்ணீர் போதும். முதல் வழியில் 10.3 லிட்டரில் 300 மில்லி, 2.91 சதவீதம்தான் வரும். ஆனால் செடிக்கு விடைத்தாள் திருத்தத் தெரியாது. வடிகட்டி ஊற்றுங்கள், நாசில் அடைக்காமல் இருந்தால் அதுவே பெரிது.

கல்லூரி மாணவி, மதுரை: ஆடித் தள்ளுபடி 20 சதவீதம், அதற்கு மேல் இன்னொரு 10 சதவீதம். மொத்தம் 30 தானே?

28. ஆயிரம் ரூபாய்ச் சேலை முதலில் 800 ஆகும், அடுத்த பத்து சதவீதம் அந்த எண்ணூறில், 720. எதில் பத்து என்று பில் போடும்போதே கேளுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்: ஒரு டம்ளரில் 100 மில்லி பால், இன்னொன்றில் 100 மில்லி டிகாக்ஷன். டிகாக்ஷனில் 10 மில்லி எடுத்துப் பாலில் ஊற்றிக் கலக்குகிறோம். அந்தக் கலவையில் 10 மில்லி எடுத்துத் திரும்ப டிகாக்ஷன் டம்ளரில் ஊற்றுகிறோம். இப்போது பாலில் இருக்கும் டிகாக்ஷன் அதிகமா, டிகாக்ஷனில் இருக்கும் பால் அதிகமா? பாலுக்குப் போனது சுத்த டிகாக்ஷன், திரும்பி வந்தது கலவை. எனவே பாலில்தான் டிகாக்ஷன் அதிகம் என்கிறேன். மனைவி சமம் என்கிறார். பந்தயம் ஒரு கிலோ அல்வா.

அல்வா வாங்கிவிடுங்கள் ஐயா.

முதலில் பேனா வழி. பால் டம்ளரில் இப்போது 110 மில்லி, அதில் டிகாக்ஷன் 10, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. திரும்ப எடுக்கும் பத்து மில்லியிலும் அதே பங்கு, டிகாக்ஷன் 0.91 மில்லி, பால் 9.09. டிகாக்ஷன் டம்ளருக்குப் போன பால் 9.09. பால் டம்ளரில் தங்கிய டிகாக்ஷன் 10 – 0.91, அதுவும் 9.09.

உங்கள் மனைவி அநேகமாகப் பேனா எடுத்திருக்க மாட்டார். கடைசியில் இரண்டு டம்ளரிலும் மறுபடி 100 மில்லிதான் இருக்கிறது. பால் டம்ளரிலிருந்து எவ்வளவு பால் காணாமல் போனதோ, அந்த இடத்தை நிரப்பியிருப்பது டிகாக்ஷன். காணாமல் போன பால் வேறெங்கும் போகவில்லை, பக்கத்து டம்ளரில் இருக்கிறது. ஆக இரண்டும் சமமாகத்தான் இருக்க முடியும்.

இந்த இரண்டாவது வழி எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், நன்றாகக் கலக்க வேண்டிய அவசியம்கூட இதற்கு இல்லை. பேனா வழிக்குக் கலவை சீராக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ‘பதினொன்றில் ஒரு பங்கு’ செல்லாது. மனைவியின் வழிக்கு, ஸ்பூனால் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் மேலாக்க மொண்டு ஊற்றினாலும் சமம். மூன்று தடவை மாற்றி மாற்றி ஊற்றினாலும், கடைசியில் இரண்டும் நூறு மில்லிக்குத் திரும்பினால், சமம்.

நான் இதைச் சமையல்கட்டில் செய்தே காட்டினேன். என் வீட்டுக்காரர் கணக்கை ஒப்புக்கொண்டார். இரண்டு டம்ளரையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, குடிக்கிற மாதிரி ஒரு காபி கேட்டார்.